மூழ்காமை கற்பித்த தளபதி

கடற்போர்த் தளபதியரின் பெருமையை அவர்கள் மூழ்கடித்த பகைக்கலங்களைக் கொண்டு அளப்பது உலக வழக்கு. ரஷ்யப் பேரரசின் கடற்படைத் தளபதியாக விளங்கிய ஸ்தெபான் ஒசிப்பொவிச் மக்காரொவ் அந்த அளவுகோலுக்கும் குறைந்தவர் அல்லர். ஆயினும் அவர்தம் அறிவின் பெரும்பகுதி வேறொரு வினாவுக்கு விடை காண்பதில் செலவாயிற்று. அடிபட்ட கப்பலை மூழ்காமல் காப்பது எவ்வாறு என்பதே அவ்வினா. இருபத்தொரு வயதில் அதைக் கையில் எடுத்தவர், ஐம்பத்தைந்தாம் வயதில், தாம் நின்ற கப்பல் இரண்டே நிமிடங்களில் கடலுக்குள் சென்றபோது அதனோடு சென்றார். இடைப்பட்ட முப்பத்து நான்கு ஆண்டுகளின் வரலாறு, அறிந்தவர் சொல்லை ஆள்வோர் கேளாமையின் வரலாறு. அறிந்தவரே ஓரிரவு சொன்ன சொல்லை மறுநாட் காலை மறந்ததன் வரலாறும் அதனுள் அடங்கியிருக்கிறது.

இளமை

மக்காரொவ் 1849 ஜனவரி 8 அன்று, கருங்கடலுக்கு அண்மையில், இன்றைய உக்ரேனில் அடங்கிய நிக்கலாயெவ் என்னும் நகரில் பிறந்தார். அக்காலத்தில் ரஷ்யாவில் வழங்கிய பழைய நாள்காட்டியின்படி அது 1848 டிசம்பர் 27. தந்தையார் கடற்படையின் கீழ்நிலையிலிருந்து உழைப்பால் உயர்ந்து சிறு அதிகாரி ஆனவர். மக்காரொவ் சிறுவனாயிருந்தபோதே அக்குடும்பம் பேரரசின் மறுகோடிக்கு, ஆமூர் ஆறு கடலோடு கலக்கும் இடத்திலுள்ள நிக்கலாயெவ்ஸ்க் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கிருந்த கப்பல் வழிகாட்டிகளுக்கான பள்ளியில் அவர் பயின்றார்.

அன்றைய ரஷ்யக் கடற்படையில் ஆணையிடும் அதிகாரிகள் பிரபுக்குலத்திலிருந்து வந்தனர். தலைநகரின் கடற்படைக் கல்லூரி அவர்களுக்கே உரியதாய் இருந்தது. வழிகாட்டிப் பள்ளியில் படித்தவன் கடல்வழி கணிப்பான், விண்மீன் பார்ப்பான், ஆனால் கப்பலின் தலைவனாவது அரிது. மக்காரொவ் 1865-இல் அப்பள்ளியில் முதல் மாணவராகத் தேறினார். பயிற்சிக் காலத்திலேயே பசிபிக் பெருங்கடலில் பல கலங்களில் பயணம் செய்தார். அவர்தம் திறனைக் கண்ட மேலதிகாரிகள் பரிந்துரைத்ததால், பிறப்பு என்னும் வேலியைத் தாண்டி, 1869-இல் அதிகாரியாக நிலைபெற்றார். நூலறிவும் கையுழைப்பும் ஒருசேர அமைந்த மனிதராக அவர் இறுதிவரை இருந்தமைக்கு இத்தொடக்கமே காரணம் எனலாம்.

ருசால்கா தந்த பாடம்

அதே 1869-ஆம் ஆண்டில் அவர் பணியாற்றிய ருசால்கா என்னும் கவசக்கப்பல் பின்லாந்துக் கரையோரம் பாறையில் உரசியது. ஏற்பட்ட துளை சிறியதே. ஆயினும் நீர் புகுந்துகொண்டே இருந்தது. கப்பலில் வலிமையான நீரிறைக்கும் பொறிகள் இருந்தும், புகுந்த நீர் அவை இருந்த இடத்திற்கு வந்து சேரவில்லை. இறுதியில் கப்பலை ஆழமற்ற இடத்தில் தரைதட்டச் செய்தே காக்க வேண்டியதாயிற்று.

மற்றவர்கள் இதனை ஊழ் என்று விட்டுவிட்டனர். இளைஞரான மக்காரொவ் துளை எங்கே, நீர் எவ்வளவு, பொறி எங்கே என்று கணக்கிடத் தொடங்கினார். 1870-இல் ரஷ்யக் கடற்படையின் இதழில் அவருடைய ஆய்வு வெளிவந்தது. கப்பலின் உட்பகுதிகள் அனைத்தையும் குழாய்களால் இணைத்து, எங்கே நீர் புகுந்தாலும் இறைக்கும் வகை செய்ய வேண்டும் என்றார். துளையின் மீது வெளிப்புறமாகப் போர்த்துவதற்கான தடித்த பாய் ஒன்றை, விபத்து நேர்ந்தபின் தைக்காமல், முன்னதாகவே தைத்து ஒவ்வொரு கப்பலிலும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்றார். அந்தப் பாய் 1873-இல் வியன்னா நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் வைக்கப்பெற்றது. பின்னாளில் அவர் மற்றொரு கருத்தையும் வலியுறுத்தினார். ஒருபுறம் நீர் புகுந்து சாயும் கப்பலைக் காக்க, மறுபுறத்து அறைகளில் தாமே நீரை நிரப்பி அதனை நிமிர்த்த வேண்டும் என்பது அது. மூழ்கும் கப்பலுக்குள் மேலும் நீரை விடுவதா என்று கேட்டோர்க்கு, நீரின் எடையைவிடச் சாய்வே கப்பலைக் கொல்லும் என்பது அவர் தந்த விளக்கம்.

இவையனைத்தும் ஏற்கப்பட்டனவா எனில், பாய் ஏற்கப்பட்டது. முழுமையான முறைமை ஏற்கப்படவில்லை. 1893-இல் அதே ருசால்கா ரேவலிலிருந்து, அதாவது இன்றைய தாலினிலிருந்து, ஹெல்சிங்கிக்குச் செல்லும் குறுகிய பயணத்தில் புயலில் சிக்கி, தன்னிலிருந்த 177 பேருடனும் மறைந்தது. அவ்வாண்டிலேயே பிரித்தானியரின் விக்டோரியா என்னும் பெரும் போர்க்கப்பல், தன் அணியைச் சேர்ந்த மற்றொரு கப்பல் மோதியதால், இன்றைய லெபனான் கரையருகே கவிழ்ந்தது. மக்காரொவ் விக்டோரியாவின் மாதிரி வடிவத்தைச் செய்வித்து, நீர்த்தொட்டியில் அது கவிழும் விதத்தை அதிகாரிகள் கண்முன்னே காட்டி விளக்கினார். தாம் இளமையில் எழுதியதை நாற்பது கடந்த வயதில், இறந்தவர்களின் எண்ணிக்கையைச் சான்றாகக் கொண்டு, மீண்டும் சொல்ல வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது.

நீரின் கீழ் ஆயுதம்

1877-இல் ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் போர் மூண்டது. கருங்கடலில் அப்போது ரஷ்யாவுக்குக் கவசப் போர்க்கப்பல் வலிமை இல்லை, துருக்கியரிடம் இருந்தது. மக்காரொவ் ஒரு வழி கண்டார். விரைந்து செல்லும் பயணிகள் நீராவிக் கப்பல் ஒன்றில் சிறு படகுகளை ஏற்றிச் சென்று, பகைவர் துறைமுகத்தருகே இரவில் இறக்கி, அவற்றைக் கொண்டு தாக்குவது என்பது அத்திட்டம். பெருங்கோமகன் கான்ஸ்தந்தீன் என்னும் பெயருடைய அக்கப்பலுக்கு அவரே தலைவரானார். முதல் முயற்சிகள் பலிக்கவில்லை. 1878 ஜனவரி 26 அன்று பத்தூமி துறைமுகத்தில் அவருடைய படகுகள் ஏவிய டார்பிடோக்கள் இந்திபா என்னும் துருக்கிக் கப்பலை மூழ்கடித்தன. தானே நீருக்கடியில் இயங்கிச் செல்லும் டார்பிடோவினால் ஒரு கப்பல் மூழ்கிய முதல் நிகழ்ச்சி இதுவெனக் கடற்போர் வரலாறு குறிக்கிறது.

இவ்வாறு, கப்பலின் அடிவயிற்றில் விழும் காயத்தை ஆற்றும் வழி தேடியவரே அக்காயத்தை உண்டாக்கும் கலையிலும் முன்னோடியானார். இது முரண் எனத் தோன்றலாம். ஆனால் அவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே அறிவின் இரு பக்கங்கள். நீருக்கடியிலிருந்து வரும் அடிதான் இனிவரும் காலத்தின் ஆபத்து என்பதை அவர் அடிப்பவராகவும் அடிபடுபவராகவும் உணர்ந்திருந்தார்.

இரு நீரோட்டங்கள்

போர் முடிந்தபின் 1881-இல் கான்ஸ்தாந்திநோபிள் நகரில் ரஷ்யத் தூதரகத்தின் பணிக்காக நின்ற தமான் என்னும் கப்பலின் தலைவராக மக்காரொவ் அனுப்பப்பட்டார். பெரிதும் ஓய்வு நிறைந்த பணி அது. அவரோ கருங்கடலையும் மார்மரா கடலையும் இணைக்கும் பாஸ்பரஸ் நீரிணையை அளக்கத் தொடங்கினார்.

நீரிணையின் மேற்பரப்பில் நீர் கருங்கடலிலிருந்து தெற்கு நோக்கி ஓடுகிறது. அடியில் எதிர்த்திசையில் மற்றொரு நீரோட்டம் உண்டு என்று மீனவரிடையே பேச்சு இருந்தது. பதினேழாம் நூற்றாண்டிலேயே இத்தாலியரான மார்சீலி அதனை ஆராய்ந்திருந்தார். ஆயினும் ஐயம் தீரவில்லை. மக்காரொவ் ஒரு படகிலிருந்து எடை கட்டிய பீப்பாயை ஆழத்தில் இறக்கினார். ஓரளவு ஆழம் சென்றதும் பீப்பாய் படகை இழுத்தது. மேல்நீரின் ஓட்டத்தை எதிர்த்துக்கொண்டு படகு வடக்கு நோக்கி நகர்ந்தது. பின்னர் அடியோட்டத்தின் விரைவை அளக்கத் தாமே ஒரு கருவியை வகுத்தார். பல இடங்களில், பல ஆழங்களில், நீரின் வெப்பத்தையும் உப்பின் அளவையும் குறித்தார். கருங்கடலின் நீர் உப்புக் குறைந்தது, ஆதலால் இலகுவானது, மேலே ஓடுவது. மத்தியதரைக் கடல்வழி வரும் நீர் உப்பு மிகுந்தது, கனமானது, கீழே எதிர்த்து ஓடுவது. இதனை எண்களால் நிறுவி 1885-இல் அவர் வெளியிட்ட நூலுக்கு ரஷ்ய அறிவியல் கழகம் பரிசளித்தது.

1886 முதல் 1889 வரை வித்யாஸ் என்னும் போர்க்கப்பலின் தலைவராக அவர் உலகைச் சுற்றிவந்தார். வித்யாஸ் என்பதற்கு வீரன் என்பது பொருள். போர்க்கப்பலின் அன்றாடக் கடமைகளுக்கிடையே பெருங்கடல்களின் வெப்பத்தையும் அடர்த்தியையும் இடைவிடாமல் அளக்கச் செய்தார். அவ்வளவைகளின் பயனாக, வித்யாசும் பசிபிக் பெருங்கடலும் என்னும் பொருள்படும் தலைப்பில் 1894-இல் பெருநூல் வெளிவந்தது. மொனாக்கோவில் 1910-இல் திறக்கப்பட்ட கடலியல் அருங்காட்சியகத்தின் முகப்பில் பொறிக்கப்பட்டுள்ள புகழ்பெற்ற ஆய்வுக்கலங்களின் பெயர்களுள் வித்யாசும் ஒன்று.

பனியை உடைத்த கலம்

1890-இல் நாற்பத்தொரு வயதில் மக்காரொவ் துணைத்தளபதியருள் ஒருவராக உயர்ந்தார். கடற்படைப் பீரங்கித்துறையின் தலைமைக் கண்காணிப்பாளராக இருந்தபோது, கவசத்தைத் துளைக்கும் குண்டின் முனையில் மென்மையான உலோகத் தொப்பியைப் பொருத்தினால் குண்டு சிதறாமல் ஊடுருவும் என்பதைச் சோதனையால் காட்டினார். அவரது கருத்துகள் அனைத்தும் காலத்தால் நிலைத்தவை அல்ல. கவசமற்ற, விரைவுமிக்க சிறு போர்க்கப்பல்களே போதும் என்று அவர் வாதிட்டதைப் பின்வந்த போர்கள் மெய்ப்பிக்கவில்லை. ஆயினும் 1897-இல் வெளிவந்த அவருடைய கடற்போர் முறை பற்றிய நூல் ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் பெயர்க்கப்பட்டது.

வடதுருவப் பனிக்கடலை உடைத்துக்கொண்டு செல்லும் வலிமை வாய்ந்த கப்பலைக் கட்ட வேண்டும் என்பது அவர்தம் நெடுநாள் கனவு. வேதியியல் அறிஞர் மெந்தெலேயெவும் நிதியமைச்சர் வித்தேயும் துணைநின்றனர். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் கட்டப்பெற்ற யெர்மாக் என்னும் அக்கப்பல், 1899 மார்ச்சில் உறைந்து கிடந்த பின்லாந்து வளைகுடாவைப் பிளந்துகொண்டு குரோன்ஷ்டாத் துறைமுகம் வந்து சேர்ந்தது. பனியின்மீது நடந்தே வந்து மக்கள் அதனை வரவேற்றனர்.

துருவப்பனி அத்துணை எளிதில் வழிவிடவில்லை. 1899-இல் ஸ்பிட்ஸ்பெர்கன் பக்கம் சென்ற யெர்மாக்கின் உடற்பகுதி சேதமுற்றது. 1901-இல் நோவயா செம்ல்யா தீவுகளருகே பனியில் வாரக்கணக்காகச் சிறைப்பட்டது. மெந்தெலேயெவுடனான நட்பும் முறிந்தது. துருவப் பயணத் திட்டம் மக்காரொவின் கையிலிருந்து எடுக்கப்பட்டது. ஆனால் கலம் தன் பயனைக் காட்டிக்கொண்டே இருந்தது. 1899 நவம்பரில் ஹோக்லாந்து தீவருகே பாறையில் ஏறிய அப்ராக்சின் என்னும் போர்க்கப்பலை மீட்கும் பணிக்கு யெர்மாக்கே பனிவழி திறந்தது. அம்மீட்புக்காக அறிஞர் பொப்போவ் அமைத்த கம்பியில்லாத் தந்தி நிலையத்தின் வழியே, 1900 தொடக்கத்தில், உடைந்த பனிப்பாளத்தோடு கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்ட மீனவர்களைப் பற்றிய செய்தி கிடைத்தது. யெர்மாக் சென்று அவர்களை மீட்டது. கம்பியில்லாத் தந்தி உயிர்காத்த முதல் நிகழ்ச்சிகளுள் இது வைத்து எண்ணப்படுகிறது. அக்கப்பல் அறுபதாண்டுகளுக்கு மேல் பணியாற்றியது.

கேளாச் செவிகள்

1904 தொடக்கத்தில் மக்காரொவ் குரோன்ஷ்டாத் துறைமுகத்தின் தலைமை அதிகாரியாக இருந்தார். மஞ்சூரியா, கொரியா ஆகியவற்றின் மீதான செல்வாக்குப் போட்டியால் ரஷ்யாவும் ஜப்பானும் போரின் விளிம்பில் நின்ற நேரம் அது. ரஷ்யாவின் பசிபிக் படை சீனக் கரையிலுள்ள போர்ட் ஆர்தர் கோட்டையின் வெளித்துறையில், திறந்த கடலில் நங்கூரமிட்டிருந்தது. பிப்ரவரி 8 அன்று மக்காரொவ் கடற்படை அமைச்சகத்தின் தலைவருக்கு ஒரு மடல் எழுதினார். கப்பல்களை உள்துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இன்றேல் போரின் முதல் இரவிலேயே ஜப்பானியர் டார்பிடோ படகுகளால் தாக்குவர். பின்னர் பெருவிலை கொடுத்தே அப்பிழையைத் திருத்த நேரும் என்பது அதன் சாரம்.

அம்மடலை எவரும் செயலாக்குமுன், அதே இரவில், ஜப்பானியப் படகுகள் தாக்கின. ரெத்விசான், செசாரெவிச் என்னும் இரண்டு பெரும் போர்க்கப்பல்களும் பல்லாதா என்னும் விரைவுக்கப்பலும் சேதமுற்றன. அதன்பிறகே பசிபிக் படையின் தலைமை மக்காரொவிடம் ஒப்படைக்கப்பட்டது.

மார்ச் 8 அன்று அவர் போர்ட் ஆர்தர் வந்தடைந்தார். இரண்டு நாளில் ஸ்தெரெகூஷி என்னும் சிறு போர்க்கலம் பகைவரால் சூழப்பட்டது என்ற செய்தி வந்தது. தளபதி பெருங்கப்பலில் காத்திருக்கவில்லை. நோவிக் என்னும் இலகுவான கப்பலில் தம் கொடியை ஏற்றித் தாமே விரைந்தார். காக்க இயலவில்லை. ஆயினும் படைத்தலைவர் தங்களுக்காகத் தம் உயிரைப் பணயம் வைத்தார் என்ற செய்தி சோர்ந்திருந்த மாலுமிகளை எழுப்பியது. துறைமுகத்துள் முடங்கியிருந்த படை மீண்டும் மீண்டும் கடலுக்குச் சென்று பயிற்சி பெற்றது.

அந்நாட்களிலும் அவர் ஒரு நூலுக்காகப் போராடினார் என்பது எழுதுவோர் மனத்தில் கொள்ளத்தக்கது. தம் கடற்போர் முறை நூலை மறுபதிப்புச் செய்து அதிகாரிகளுக்கு வழங்குமாறு அவர் கேட்டார். அதற்குத் தேவைப்பட்டது ஐந்நூறு ரூபிள். இவ்வாண்டு பணம் இல்லை என்று அமைச்சகம் மறுத்தது. பகைவர் தம் மொழியில் படித்துக்கொண்டிருந்த நூலை, அதை எழுதியவரின் படைவீரர்கள் படிப்பதற்குப் பணம் இல்லை. தம்மீது நம்பிக்கை இல்லையெனில் வேறொருவரை அனுப்பலாம் என்று அவர் எழுத நேர்ந்தது.

ஏப்ரல் 13

ஏப்ரல் 12 இரவு மழையும் மூடுபனியுமாய் இருந்தது. துறைமுக வாயிலுக்கு அப்பால் சில கலங்களின் நிழலுருவங்கள் தேடொளியில் தென்பட்டன. சுடலாமா என்று தளபதியிடம் கேட்கப்பட்டது. அன்றிரவு ரஷ்யச் சிறுகலங்கள் சில வெளியே சென்றிருந்தன. தம் மக்களையே சுட்டுவிடக் கூடாதென அஞ்சிய மக்காரொவ் சுட வேண்டாம் என்றார். அவ்விடத்தைக் குறித்துவைத்துக் காலையில் கண்ணிவெடி உண்டா என்று அரித்துப் பார்க்கவும் சொன்னார். அந்நிழல்கள் கொர்யோ மாரு என்னும் கப்பலும் அதன் துணைக்கலங்களுமே. அவை கண்ணிவெடிகளை விதைத்துச் சென்றன.

விடிந்ததும் ஸ்த்ராஷ்னி என்னும் ரஷ்யச் சிறுகலம் தனித்துச் சிக்கிப் போரிட்டு அழிந்தது. அதைக் காக்கும் வேகத்தில் மக்காரொவ் பெத்ரொபாவ்லொவ்ஸ்க் என்னும் தலைமைக் கப்பலில் வெளியேறினார். காலையில் அரித்துப் பார்க்க வேண்டிய பகுதி அரிக்கப்படவில்லை. ஜப்பானியத் தளபதி டோகோவின் பெரும்படை தொலைவில் தோன்றவே, கோட்டைப் பீரங்கிகளின் காவலுக்குள் வர ரஷ்யக் கப்பல்கள் திரும்பின. காலை 9.40 மணியளவில் பெத்ரொபாவ்லொவ்ஸ்க் கண்ணிவெடியில் மோதியது. வெடிமருந்துக் கிடங்கும் தொடர்ந்து வெடித்தது. ஏறத்தாழ இரண்டு நிமிடங்களில் கப்பல் மறைந்தது. 600 பேருக்கு மேல் மாண்டனர். மீட்கப்பட்டோர் ஏறத்தாழ எண்பதின்மர். தளபதி அவர்களுள் இல்லை.

அக்கப்பலில் ஓவியர் வெரெஷ்சாகினும் இருந்தார். கடற்படைக் கல்வி பெற்றுத் தூரிகையைத் தேர்ந்தவர் அவர். துருக்கிப் போரில் தன்யூப் ஆற்றில் படகில் சென்று காயமுற்றவர். 1871-இல் மண்டையோடுகளைக் குன்றாகக் குவித்து வரைந்த ஓவியத்தை, வென்றவர் அனைவருக்கும் காணிக்கையாக்கியவர். போரின் உண்மை முகத்தைக் காட்டக் களத்துக்கே செல்ல வேண்டும் என்று கருதிய அவர், அன்று காலையிலும் மேல்தளத்தில் வரைந்துகொண்டிருந்தார். அவரும் மீளவில்லை.

அரை மணி நேரத்துக்குள் பொபேதா என்னும் மற்றொரு போர்க்கப்பலும் கண்ணிவெடியில் மோதியது. அதன் நிலக்கரி அறைகள் வெடிப்பின் வலிமையைத் தாங்கின. சில அறைகளில் மட்டும் நீர் புகுந்தது. சாய்ந்தபடியே அது தானாகத் துறைமுகம் வந்து சேர்ந்தது. புகுந்த நீர் ஓரிடத்தில் நின்றால் கப்பல் பிழைக்கும் என்று 1870 முதல் மக்காரொவ் எழுதிவந்த பாடம் அவர் இறந்த அதே காலையில், அதே கடலில், உறுதியாயிற்று. அவரது கப்பலையோ எப்பாயும் எக்குழாயும் காத்திருக்க இயலாது. அதனைக் காத்திருக்கக்கூடியது முந்தைய இரவு அவரே சொன்ன சொல் ஒன்றுதான்.

எஞ்சியது

அடுத்த ஆண்டு மே மாதம் சூஷிமா நீரிணையில் ரஷ்யாவின் மற்றொரு பெரும்படை அழிந்தது. அடிபட்ட கப்பல்கள் பல சாய்ந்து கவிழ்ந்தே மூழ்கின. மக்காரொவின் கருத்தைக் கணிதத்தால் விரிவாக்கி, எந்த அறையில் நீர் புகுந்தால் எந்த அறையை நிரப்ப வேண்டும் எனக் காட்டும் அட்டவணைகளை அறிஞர் கிரிலொவ் 1903-லேயே வகுத்திருந்தார். சூஷிமாவுக்குப் பின்னரே அவற்றின் அருமை உணரப்பட்டது. 1913-இல் குரோன்ஷ்டாத்தில் மக்காரொவுக்குச் சிலை எழுப்பப்பட்டது. போரை நினைவில் கொள்ளுமாறு அவர் வழக்கமாகச் சொல்லிவந்த அறிவுரை அதன் பீடத்தில் பொறிக்கப்பட்டது.

ஆனால் அவருக்கு எழுந்த முதல் நினைவுச் சின்னங்களுள் ஒன்று கல்லால் ஆனதன்று; ரஷ்யாவில் எழுந்ததும் அன்று. 1904-இல் ஜப்பானில் பதினெட்டு வயது நிரம்பிய கவிஞர் இஷிகாவா தகுபொகு, பகைநாட்டின் தளபதியாகிய மக்காரொவுக்கு இரங்கி நீண்டதொரு கவிதை எழுதினார். போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. வெற்றி ஆரவாரம் நாடெங்கும் ஒலித்த காலம். மறு ஆண்டில் வெளிவந்த அவருடைய முதல் தொகுதியில் அக்கவிதையும் இடம்பெற்றது. பின்னர் ஜப்பானிய மொழியின் பெருங்கவிஞருள் ஒருவராகப் போற்றப்பட்ட தகுபொகு, 1912-இல் இருபத்தாறாம் வயதில் காசநோயால் மறைந்தார்.

மக்காரொவ் சொன்னதை அவருடைய அமைச்சகம் உரிய நேரத்தில் கேட்கவில்லை. அவர் அனுப்பிய மடல் பயன்படாமற் போயிற்று. கேட்ட ஐந்நூறு ரூபிள் மறுக்கப்பட்டது. கடலுக்கு அப்பால், அவரைக் கண்டறியாத ஓர் இளைஞர், அவரை வீழ்த்திய நாட்டின் மொழியிலேயே அவருக்குக் கையறுநிலை பாடினார். பாஸ்பரஸ் நீரிணையில் பீப்பாயை ஆழத்தில் இறக்கியபோது மக்காரொவ் கண்டது இத்தகையதொரு காட்சிதான். மேலே எல்லாம் ஒரு திசையில் ஓடும். அடியில் மற்றொன்று எதிர்த்து ஓடிக்கொண்டிருக்கும்.